லிட்டோமெரிட்ஸே: சில இடங்கள், சில தேதிகள்

காஃப்காவைப் படித்த நமக்கு ப்ராக் தெரியும், அல்லது தெரியும் என்ற பிரமை இருக்கிறது. அந்த நகரத்தைச் சுற்றி ஒரு நாடு உண்டு, அதில் வயல்களும் படகுத்துறைகளும் மாவட்ட ஆபீசுகளும் உண்டு என்பது நம் பிரக்ஞையில் தட்டுப்படுவதில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. காஃப்காவின் கடைசித் தங்கை ஓட்லா என்ன ஆனார் என்று தேடிக்கொண்டு போனபோதுதான் வடக்குப் பொஹீமியாவின் வரைபடம் ஒன்றை முதல் முறையாக நிதானமாகப் பார்த்தேன். ப்ராகுக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில், ஓஹ்ரெ நதி லாபெ நதியில் வந்து விழும் இடத்தைச் சுற்றி ஒரு மாவட்டம். தலைநகரின் பெயரே மாவட்டத்துக்கும்: லிட்டோமெரிட்ஸே. (நடுவில் வரும் ரகரத்தை செக்காரர்கள் ஒலிக்கிற விதம் நம் எழுத்தில் அடங்காது, விட்டுவிடுகிறேன்.) லாபெ என்பது ஜெர்மன் எல்லைக்குள் நுழைந்ததும் எல்பெ ஆகிவிடும் அதே நதிதான்.

இது பிரயாணக் கட்டுரை அல்ல. நான் அங்கே போனதில்லை. சில கவிதைகளை நாம் எப்படித் தப்பாகப் படித்துவந்திருக்கிறோம் என்று சொல்ல எனக்கு இந்த மாவட்டம் தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

முதலில் மாவட்டம் என்கிற விவகாரம். இப்போதைய எல்லைகள் 1960ஆம் ஆண்டு நிர்வாகச் சீரமைப்பில் போடப்பட்டவை. லோவோசிட்ஸே, ரௌட்னிட்ஸே என்று தனித்தனியாக இருந்த மாவட்டங்களைக் கலைத்து லிட்டோமெரிட்ஸேயோடு சேர்த்தார்கள். சுமார் 1,032 சதுர கிலோமீட்டர், 105 ஊர்கள். 2002 முடிவோடு மாவட்ட ஆபீஸ்களையே எடுத்துவிட்டார்கள். இன்று மாவட்டம் புள்ளிவிவரத்துக்கும் கோர்ட்டுக்கும் போலீசுக்கும் உள்ள ஒரு கோடு மட்டும். ஆபீஸ் போன பிறகும் அதன் எல்லை நிற்பது, பேரேடு எழுதிப் பிழைக்கிற எனக்கு ஒருவிதத்தில் வேடிக்கையாகவும் ஒருவிதத்தில் பரிச்சயமாகவும் இருக்கிறது. தேசமோ மொழியோ கோடு போடும்போது அதற்கொரு காவியம் தேவைப்படுகிறது. ஆபீஸ் போடும் கோட்டுக்கு ஒரு கையெழுத்து போதும். அதனால்தானோ என்னவோ ஆபீஸ் கோடு இலக்கிய சரித்திரம் சேர்க்க மறுத்தவர்களை ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்கிறது.

நிலம் இரண்டு வகை. வடக்கே செக் மத்திய மேட்டுநிலம்: எரிமலைகள் அணைந்து, சுற்றியிருந்த மண் கரைந்துபோய், கல் மட்டும் நிற்கிற கூம்புகள். உயரமானது மிலெஷோவ்கா, 837 மீட்டர். உச்சியில் 1905 முதல் ஒரு வானிலை நிலையம். இந்தக் குன்றுகளைப் பிளந்துகொண்டுதான் லாபெ வடக்கே போகிறது. தெற்கே சமவெளி, பழத்தோட்டங்கள். பொஹீமியாவின் தோட்டம் என்று அதற்குப் பேர். லோவோசிட்ஸேயில் 1756 அக்டோபர் முதல் தேதி பிரஷ்யரும் ஆஸ்திரியரும் மோதினார்கள். ஏழாண்டுப் போரின் முதல் பெரிய சண்டைகளில் ஒன்று. ஹாஸ்ம்புர்க் என்ற குன்றின்மேல் பாழடைந்த கோட்டையின் இரண்டு கோபுரங்கள், ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. படம் எடுக்கிறவர்களுக்கு உகந்தவை. எனக்கு அவற்றால் ஆகவேண்டியது ஒன்றும் இல்லை.

தெற்குச் சமவெளியில் தனியாக ஒரு குன்று, ரிப். 500 மீட்டரைக்கூட எட்டாதது. செக் என்ற மூதாதை தன் ஜனங்களை நடத்திக்கொண்டு வந்து இதன்மேல் ஏறி நின்று நாட்டைப் பார்த்தான் என்பது ஐதீகம். பன்னிரண்டாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் பாதிரி கோஸ்மாஸ் லத்தீனில் எழுதிய சரித்திரத்தில் இந்தக் கதை வருகிறது. உச்சியில் வட்டமான சிறு கோவில். 1126இல் குலுமெட்ஸ் போரில் வென்ற சோபெஸ்லாவ் அரசன் அதைச் செப்பனிட்டான் என்கிறார்கள். 1868இல் ப்ராகில் தேசிய நாடக அரங்கு கட்ட அஸ்திவாரம் போட்டபோது இந்தக் குன்றிலிருந்து ஒரு கல்லைப் பெயர்த்து எடுத்துப்போனார்கள். இதே மாவட்டத்திலிருந்து எழுபது வருஷம் கழித்து இன்னொன்றையும் பெயர்த்து எடுத்துப்போனார்கள். அதற்குப் பிறகு வருகிறேன். ரிப்பின் பாறையில் காந்தச் சத்து இருப்பதால் அதன்மேல் திசைகாட்டியின் முள் விலகுமாம். ஒரு தேசம் தன் ஆரம்பமாகத் தேர்ந்தெடுத்த இடத்தில் முள் சரியாக நிற்பதில்லை என்பதை வைத்து யாராவது கவிதை எழுதிவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. எழுதாமலிருப்பது நல்லது.

ரிப்பைச் சுற்றி செக் மொழி. ஆனால் அதற்கு வடக்கே, லிட்டோமெரிட்ஸே நகரத்தில், 1945 வரை பெரும்பான்மையோர் பேசியது ஜெர்மன். அவர்களுக்கு ஊர்ப் பெயர் லைட்மெரிட்ஸ். நூற்றாண்டுகளாக மொழிகளின் விளிம்பு இந்த மாவட்டத்தின் நடுவில்தான் ஓடியது. 1938 செப்டம்பர் கடைசியில் மூனிக்கில் நாலு பேர் கையெழுத்துப் போட்ட பிறகு அந்த விளிம்பு சர்வதேச எல்லை ஆயிற்று. லிட்டோமெரிட்ஸே ஹிட்லரின் ராஜ்யத்துக்குப் போயிற்று. ஆற்றுக்கு அப்பால், மூன்று கிலோமீட்டரில் உள்ள தெரெஸீன் செக்கோஸ்லோவாகியாவின் மிச்சத்தில் தங்கிற்று. ரிப்பும் ரௌட்னிட்ஸேயும் அப்படியே.

இனி மாஹா. கரெல் ஹைனெக் மாஹா ப்ராகில் பிறந்தவர், 1810 நவம்பர் 16. சட்டம் படித்துவிட்டு 1836 இலையுதிர் காலத்தில் லிட்டோமெரிட்ஸேயில் ஒரு வக்கீலிடம் உதவியாளராகச் சேர்ந்தார். அதே வருஷம் வசந்தத்தில் 'மே' என்ற நெடுங்கவிதையைச் சொந்தச் செலவில் 600 பிரதிகள் அச்சிட்டிருந்தார். (600 என்ற எண்ணைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.) காதலியைக் கெடுத்தவனைக் கொல்கிறான் ஒரு கொள்ளைக்காரன். கொல்லப்பட்டவன் தன் தகப்பன் என்று பிறகு தெரிகிறது. தூக்குமேடைக்கு முந்தைய இரவில் அவன் நினைப்பதுதான் கவிதையின் நடு. இறந்த பிறகு ஒன்றுமில்லை என்ற நினைப்பு அது. சொர்க்கம் இல்லை, தேசமும் இல்லை. முகப்பில் மட்டும் ஒரு தேசபக்திச் சமர்ப்பணப் பாட்டு ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது. அன்றைய செக் இலக்கியக்காரர்கள் புத்தகத்தைத் தூக்கி எறிந்தார்கள். மொழியை மீட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் இதென்ன இருட்டு என்பது அவர்கள் வாதம். அந்த வாதம் எந்த மொழியிலும் கேட்கக்கூடியது.

லிட்டோமெரிட்ஸேயில் மாஹா வாழ்ந்தது ஆறு வாரத்துக்குள். அக்டோபர் முதல் தேதி ப்ராகில் அவருக்கு மகன் பிறந்தான். தாயார் லோரி, இன்னும் கல்யாணமாகவில்லை. பார்க்க ப்ராகுக்கு நடந்தே போனார். ஊருக்கு மேலே ரதோபீல் என்று ஒரு குன்று, அங்கே மாலையில் உலாவப் போவது வழக்கம். அக்டோபர் 23ஆம் தேதி அதன்மேலிருந்து ஊரில் தீப்பிடித்திருப்பதைப் பார்த்து இறங்கி ஓடி அணைக்க உதவினார் என்றும், அங்கே குடித்த தண்ணீர்தான் நோயைக் கொண்டுவந்தது என்றும் சொல்வார்கள். நவம்பர் 6இல் இறந்தார். 26 வயது நிறைய பத்து நாள் பாக்கி. நவம்பர் 8இல் கல்யாணம் என்று நிச்சயித்திருந்தது. அன்றைக்கு அடக்கம் செய்தார்கள்.

1938 அக்டோபர் முதல் தேதி, மூனிக் ஒப்பந்தத்துக்கு மறுநாள், லிட்டோமெரிட்ஸே கல்லறையைத் தோண்டி மாஹாவின் எலும்புகளை எடுத்து ப்ராகுக்குக் கொண்டுபோனார்கள். ஜெர்மன் படை வருவதற்குள் எடுத்துவிட வேண்டும். எலும்புகளை அளவெடுத்துப் பரிசோதித்தார்கள். 1939 மே 7இல் விஷெஹ்ராட் கல்லறைத் தோட்டத்தில் மறு அடக்கம். அதற்குள் ப்ராகும் ஆக்கிரமிக்கப்பட்டு ஏழு வாரம் ஆகியிருந்தது. பேச முடியாத ஜனம் ஒரு கவிஞனின் பெட்டிக்குப் பின்னால் போய்த் தன்னைக் காட்டிக்கொண்டது. ரிப்பின் கல்லுக்குப் பிறகு பெயர்த்து எடுத்துப்போனது என்று முன்னால் சொன்னது இதைத்தான்.

அந்த ஊர்வலத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த மே மாதத்தில் அங்கே இருந்திருந்தால் நானும் பின்னால் போயிருப்பேன். ஆனால் புதைக்கப்பட்டவர் யார்? தேசத்துக்கு உபயோகமில்லாதவர் என்று தள்ளப்பட்டவர், தேசத்தின் திருவுருவாகப் புதைக்கப்படுகிறார். நடுவில் நூறு வருஷத்தில் அவரைக் கவிஞராகப் படித்தவர்கள் சிலர்தான். முகரோவ்ஸ்கி 1928இல் 'மே'யின் அழகியல் அமைப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார்: ஒலி, வாக்கியம், படிமம் எப்படி ஒன்றையொன்று இழுக்கின்றன என்று. மாஹாவின் நாட்குறிப்பில் ஒரு பகுதி சங்கேத எழுத்தில் இருக்கிறது, ஒளிவுமறைவற்ற காமக் குறிப்புகளோடு. நாட்குறிப்புதான் நிஜம், கவிதை அலங்காரம் என்று சொல்பவர்களுக்குப் பதிலாக யாகப்சன் 1933–34இல் 'கவிதை என்றால் என்ன?' கட்டுரையில் இதே மாஹாவை உதாரணமாக எடுத்தார். 1936 நூற்றாண்டு விழாவில் உத்தியோகபூர்வமான மாலைகள் விழுந்துகொண்டிருந்தபோது நெஸ்வாலும் சர்ரியலிஸ்டுகளும் 'அன்னமும் அல்ல, நிலவும் அல்ல' என்ற தொகுப்பைப் போட்டு எதிர்த்தார்கள். இரண்டு வருஷம் கழித்து எலும்பு ஜெயித்துவிட்டது.

லிட்டோமெரிட்ஸேயில் பிறந்த இன்னொருவர் ஆல்ஃபிரெட் கூபின், 1877. ஓவியர், 'மறுபக்கம்' (1909) என்ற ஒரே நாவலை எழுதியவர். ஐரோப்பா முழுவதிலிருந்தும் பழைய வீடுகளை வாங்கிப் பெயர்த்துக்கொண்டுபோய் மத்திய ஆசியாவில் ஒரு நகரம் கட்டுகிறான் ஒருவன். நகரம் அழுகி அழிகிறது. இரண்டு மூன்று வயதிலேயே ஊரைவிட்டுப் போய்விட்டவரை ஊரோடு சேர்த்துக் கட்டுவது அதிகப்பிரசங்கம். ஆனால் செக் இலக்கிய சரித்திரத்தில் கூபினுக்கு இடம் கிடையாது, ஜெர்மன் சரித்திரத்தில் மாஹாவுக்குக் கிடையாது. மாவட்டத்தின் கோட்டுக்குள் மட்டும்தான் இரண்டு பேரும் ஒரு ஊர்க்காரர்கள்.

இனி ஆற்றுக்கு அப்பால். தெரெஸீன் கோட்டைக்கு 1780இல் இரண்டாம் ஜோசப் சக்கரவர்த்தி அஸ்திவாரம் போட்டார். தாயார் மரியா தெரேஸாவின் பெயர். நட்சத்திர வடிவ மதில்கள், ஆற்று நீரை விட்டு நிரப்பக்கூடிய அகழிகள், தனியாக ஒரு சிறிய கோட்டை. இத்தனை செலவழித்துக் கட்டியதை எந்தப் படையும் முற்றுகையிடவில்லை. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு கோட்டை அந்தஸ்தையே எடுத்துவிட்டார்கள். வெளியிலிருந்து யாரும் நுழையக்கூடாது என்று கட்டியது, உள்ளேயிருந்து யாரும் வெளியேறக்கூடாது என்பதற்குத்தான் உபயோகப்பட்டது. சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்ட கவ்ரிலோ ப்ரின்சிப்புக்குத் தூக்குப் போட வயது போதாமல் 20 வருஷத் தண்டனை கொடுத்து இங்கே அடைத்தார்கள். 1918 ஏப்ரல் 28இல் காசநோயில் செத்தான். 1940 முதல் சிறிய கோட்டை கெஸ்டாபோ சிறை. 1941 நவம்பர் 24 முதல் பெரிய கோட்டைக்குள்ளிருந்த ஊர் யூதர்களை அடைக்கும் இடம். படைவீரர்களையும் சேர்த்துச் சுமார் 7,000 பேர் வாழ்ந்த ஊரில் 1942 செப்டம்பரில் 58,000 பேர் இருந்தார்கள். மொத்தம் சுமார் 1,40,000 பேர் வந்தார்கள். சுமார் 33,000 பேர் அங்கேயே இறந்தார்கள். 80,000க்கும் மேற்பட்டவர்கள் கிழக்கே அனுப்பப்பட்டார்கள். தப்பியவர்கள் மிகச் சொற்பம்.

ஓட்லா இங்கேதான் வந்தார், 1942 ஆகஸ்டில். யூதரல்லாத கணவரோடு சட்டப்படி பிரிந்த பிறகு. மறு ஆகஸ்டில் போலந்தின் பியாலிஸ்டாக்கிலிருந்து சுமார் 1,200 குழந்தைகளைக் கொண்டுவந்து தனியே வைத்திருந்தார்கள். 1943 அக்டோபர் 5இல் அவர்களை அனுப்பியபோது துணைக்குப் போக முன்வந்தவர்களில் ஓட்லாவும் ஒருவர். ரயில் போன இடம் அவுஷ்விட்ஸ். யாரும் திரும்பவில்லை. அண்ணனின் கடிதங்களில் தோட்டம் போடுகிற, அப்பாவை எதிர்க்கிற தைரியசாலியாக வருகிற அதே ஓட்லாதான்.

தெரெஸீனில் எழுதப்பட்ட கவிதைகளில் உலகம் அதிகம் அறிந்தது ஒரு பட்டாம்பூச்சியைப் பற்றியது. பாவெல் ஃப்ரீட்மான் எழுதியது, தேதி 1942 ஜூன் 4. தெரெஸீன் குழந்தைகளின் சித்திரங்களும் கவிதைகளும் அடங்கிய தொகுப்பில் அது இடம்பெற்று, எங்கும் குழந்தையின் கவிதையாகப் படிக்கப்படுகிறது. எழுதியபோது ஃப்ரீட்மானுக்கு 21 வயது. மாஹாவின் தொடக்கக் கவிதைகளின் வயது. குழந்தை எழுதியது என்று நினைத்தவுடன் நாம் கண்ணீரைத் தயார்செய்துகொள்கிறோம். வரிகள் எங்கே நிற்கின்றன, ஒரு நிறம் ஏன் அந்த இடத்தில் வருகிறது என்று பார்ப்பதில்லை. ஒரு பிறந்த தேதியைச் சரிபார்க்காததால் ஒரு கவிஞன் போய்விட்டான், பரிதாபம் மட்டும் மிஞ்சிற்று.

தெஸ்னோஸ் விஷயம் இன்னும் விசித்திரமானது. ரொபேர் தெஸ்னோஸ், சர்ரியலிஸ்ட், 1944 பிப்ரவரியில் பாரீஸில் கைதானவர். முகாம் முகாமாகப் போய், கடைசியில் கால்நடையாகத் துரத்தப்பட்டு, போர் முடிகிற தறுவாயில் தெரெஸீனுக்கு வந்து சேர்ந்தார். ஊரெங்கும் டைஃபஸ். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வந்த செக் மாணவர் ஒருவர் பட்டியலில் பெயரைப் பார்த்துவிட்டு, கவிஞர் தெஸ்னோஸைத் தெரியுமா என்று கேட்டார். நான்தான் என்றாராம். அந்த மாணவருக்கு முகம் ஞாபகத்தில் இருந்தது, ப்ரெதோனின் 'நாஜா' நாவலில் வரும் புகைப்படத்திலிருந்து. 1945 ஜூன் 8இல் தெஸ்னோஸ் இறந்தார். வயது 44.

அவருடைய 'கடைசிக் கவிதை' என்று ஒன்று பிரான்ஸில் பிரசித்தமாயிற்று. முகாமில் மனைவியை நினைத்து எழுதியது என்று. பூலென்க் 1956இல் அதற்கு இசைகூட அமைத்தார். அப்படி ஒரு கவிதையே இல்லை. 1926இல், வேறொரு பெண்ணை நினைத்து அவர் எழுதிய கவிதையின் கடைசிப் பகுதி ஒரு செக் பத்திரிகையின் இரங்கல் குறிப்பில் செக் மொழிபெயர்ப்பில் வந்தது. அதை யாரோ புதியதென்று எண்ணித் திரும்ப பிரெஞ்சுக்குக் கொண்டுபோனார்கள். போகிற வழியில் வரிகள் குட்டையாகி, எளிமையாகி, 'முகாம் கவிதை'யின் தொனி வந்துவிட்டது. மொழிபெயர்ப்பு என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான பரிசோதனை கிடையாது. யாரும் பொய் சொல்லவில்லை. செத்த இடம்தான் கவிதையை எழுதிவிட்டது. உண்மையில் முகாம்களில் அவர் கைப்பட என்ன எழுதினாரோ, அது நம்மிடம் இல்லை.

போர் முடிந்த பிறகு சிறிய கோட்டையில் ஜெர்மானியர்களை அடைத்தார்கள், 1948 வரை. லைட்மெரிட்ஸ்காரர்கள் 1945-46இல் எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்டார்கள். லைட்மெரிட்ஸ் என்ற பெயரும் அவர்களோடு போயிற்று. ரதோபீல் குன்றின் அருகே, கைதிகளைக் கொண்டு நிலத்தடியில் ஆயுதத் தொழிற்சாலை நடத்திய ரிச்சர்டு என்ற சுண்ணாம்புச் சுரங்கத்தில், 1964 முதல் அணுக்கழிவைப் போட்டுவைக்கிறார்கள். மாஹா மாலையில் உலாவிய பக்கம்.

தெரெஸீனில் தெருக்களுக்குப் பெயர் கிடையாது. நீளவாட்டுத் தெருவுக்கு எல், குறுக்குத் தெருவுக்கு க்யூ, பிறகு எண். எல் 417 என்றால் நாலாவது நீளவாட்டுத் தெரு, 17ஆம் வீடு. பழைய பள்ளிக்கூடம் அது. 1944 ஜூன் 23இல் செஞ்சிலுவைச் சங்கத்தார் பார்க்க வருவதற்குமுன் தெருக்களுக்கு அழகான பெயர்கள் எழுதிவைத்தார்கள்.

எல் 417இல் ஒன்றாம் அறைப் பையன்கள், 12 வயதிலிருந்து 15 வயதுக்குள் உள்ளவர்கள், 1942 டிசம்பரிலிருந்து வாரம் ஒரு பத்திரிகை நடத்தினார்கள். பெயர் 'வெதெம்': நாங்கள் முன்னே போகிறோம் என்று அர்த்தம். ஆசிரியர் பெத்ர் கின்ஸ், 1928இல் பிறந்தவன். ஆரம்பத்தில் தட்டச்சு, மை தீர்ந்த பிறகு கையெழுத்து. ஒரே பிரதி. வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் உட்கார்ந்திருக்க, எழுதியவன் எழுந்து தன்னதைப் படிப்பான். கவிதை, கட்டுரை, வம்பு, அறையில் ஒருவனைப் பற்றிய கேலி, எழுத்து கெட்டுவிட்டது என்ற ஆசிரியரின் கோபம். எந்தச் சிறுபத்திரிகையிலும் உள்ளவைதான்.

அதில் 'தெரெஸீனில் உலாக்கள்' என்று ஒரு தொடர் பகுதி, பெரும்பாலும் கின்ஸ் எழுதியது. ஒரு வாரம் ரொட்டி சுடும் இடம். ஒரு வாரம் தீயணைப்பு நிலையம். இன்னொரு வாரம் பிணங்களை எரிக்கும் கட்டிடம். போய், வேலை செய்பவர்களைக் கேட்டு, எப்படி நடக்கிறது என்று எழுதிக்கொண்டு வருவான். நட்சத்திர வடிவ மதிலுக்குள், தான் வைக்கப்பட்டிருக்கும் இடத்தின் பூகோளத்தை ஒரு பையன் வாராவாரம் எழுதினான். அதில் பரிதாபம் கேட்கும் தொனி இல்லை. இந்த மாவட்டத்தைப் பற்றி எழுதப்பட்டதில் ரிப்பின் ஐதீகத்தையும் விஷெஹ்ராட் ஊர்வலத்தையும்விட எனக்கு நம்பகமாகப் படுவது இதுதான்.

கின்ஸ் 1944 செப்டம்பர் 28ஆம் தேதி ரயிலில் அவுஷ்விட்ஸுக்குப் போனான். அந்த அறையில் இருந்துபோன சுமார் நூறு பையன்களில் பிழைத்தவர்கள் பதினைந்து பேர். அறையிலிருந்து கடைசிவரை தெரெஸீனிலேயே தங்கிவிட்டவன் ஒரே ஒருவன். சுமார் 800 பக்கங்களை அவன் அப்பா வேலை செய்த கொல்லுப்பட்டறையில் ஒளித்துவைத்திருந்து, 1945 மே மாதம் எடுத்துக்கொண்டு ப்ராகுக்குப் போனான். அதிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகள் புத்தகமாக வர அரை நூற்றாண்டு ஆயிற்று. எல் 417 இருந்த கட்டிடம் 1991 முதல் அருங்காட்சியகம்.